வீட்டுப் புறத்தே ஓர் ஆமைக்குளம்

செஞ்சி என்ற அளவில் யாவர்க்கும் முற்பட நினைவில் தோன்றுவன இராசகிரிக் கோட்டையும் தேசிங்குராசன் கதையுமே. கதைப்பாட்டுக் கேட்டார் குதிரையை நினைப்பர். வரலாறு கற்றார் மதிலை நினைப்பர். ஆயின் 1690ஆம் ஆண்டு தொடங்கி 1698 வரை முகலாயப் படை புறத்தே சூழ்ந்து கிடந்தும் அக்கோட்டை எளிதில் வீழாமைக்கு மதிலினும் மிகுதியாக உதவியது நீரே என்பது எம் கருத்து. மலையடிவாரத்தே சக்கரகுளம், செட்டிகுளம் என்னும் இரு பெருங்குளங்களும், மலைமேல் மழைநீர் தங்கும் சுனைகளும் இன்றும் உள. கலியாண மகாலுக்குத் தொலைவிலிருந்து மட்குழாய் வழியாக நீர் கொணர்ந்தனர் என்பர். 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சியும் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டபோது, காண வந்தோர் பலரும் மதிலை அண்ணாந்து நோக்கினரேயன்றிக் குளத்தைக் குனிந்து நோக்கினார் சிலரே.

யாம் ஈண்டு எழுதப் புகுவது அப்பெருங்குளங்களைப் பற்றியன்று. வீட்டுக் கொல்லையில் இரண்டு ஆமைகட்காகத் தோண்டும் பத்தடிக் குளம் ஒன்றைப் பற்றியே எழுதுகின்றோம். சிறிதாயினும் குளம் குளமே. கரையும் வரத்தும் மதகும் கலிங்கும் படியும் ஏரிக்கு எவ்வாறு இன்றியமையாதனவோ, இதற்கும் அவ்வாறே என்பதைத் தோண்டத் தொடங்கிய பின்னரே பலர் உணர்கின்றனர்.

முதற்கண் எந்த ஆமை என்பதைத் தெளிதல் வேண்டும். “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா” என்பது நம் நாட்டுப் பழமொழி. கல்லாமை, பொறாமை, இயலாமை என்னும் ஆமைகளையே அது சுட்டிற்று என்று பொருள் விரிப்பாரும் உளர். நீதிமன்றச் சேவகனாகிய அமீனா பக்கத்திலேயே நிற்பதை நோக்க, அவ்வுரை நயமுடையதேயன்றிப் பொருத்தமுடையதாகத் தோன்றவில்லை. எவ்வாறாயினும் இக்காலத்தில் அப்பழமொழி ஒருவகையில் மெய்யாகிவிட்டது. நம் ஏரிகளில் வாழும் சேற்றாமையும், செஞ்சியைப் போன்ற வறண்ட புதர்க்காடுகளில் திரியும் நட்சத்திர ஆமையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அடங்குவன. 2022இல் திருத்தப்பட்ட அச்சட்டத்தின் முதலாம் அட்டவணையில் இவ்விரண்டும் உள்ளன. அவ்வட்டவணை உயிரைப் பிடித்து வைத்திருப்பார்க்கு மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறைத்தண்டம் விதிக்கப்படலாம். ஆதலின் ஏரியிற் பிடித்த ஆமையைக் கொல்லையில் வைப்பார் வீட்டில் ஆமையும் அமீனாவும் ஒருங்கே புகுவர் என்க. கிணற்றுநீர் தூய்தாகும் என்று கருதி உறைகிணற்றில் சேற்றாமையை இடும் வழக்கம் நம் சிற்றூர்களில் உண்டு. அவ்வாமைக்கு வெயில் காயக் கரையில்லை, முட்டையிட மண்ணில்லை. அவ்வழக்கம் ஒழியத்தக்கதே.

எனின், குளம் யாருக்கு? அயல்நாட்டிலிருந்து வந்து நம்மிடையே சிக்கிக்கொண்ட செங்காது ஆமைக்கு. இது வட அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கிற்கு உரியது. கண்ணின் பின்னே செந்நிறக் கீற்று ஒன்று இருத்தலின் இப்பெயர் பெற்றது. கடைகளில் விற்கும்போது அதன் குஞ்சு பழைய வெள்ளி ரூபாயினும் அதிகம் பெரிதன்று. பசுமையாய், கண்ணுக்கினியதாய், உள்ளங்கையில் அடங்கும். கண்ணாடித் தொட்டியும் பிளாஸ்டிக் தென்னை மரமும் உடன் தருவர். அக்குஞ்சு முப்பது செண்டிமீட்டர் நீளம் வரை வளரும் என்பதையும், முப்பதாண்டும் அதற்கு மேலும் வாழும் என்பதையும் சொல்லுவார் அரியர். ஈராண்டு மூவாண்டு கழிந்ததும் தொட்டி போதாது, நீர் நாறும், குழந்தைகள் சலிப்படைவர். அப்போது வீட்டார் அருள் மிகுந்தவராகி, “ஏரியில் விட்டுவிடுவோம், பிழைத்துப் போகட்டும்” என்பர். இவ்வருளே பெருங்கேடு.

உலகின் மிகக் கொடிய அயலுயிர்கள் நூறு என இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகுத்த பட்டியலில் இவ்வாமையும் ஒன்று. ஐரோப்பிய நாடுகள் 1997இல் இதன் இறக்குமதியை நிறுத்தின. நம் ஏரியில் விடப்பட்டால் நம் ஆமைகளின் உணவையும், அவை வெயில் காயும் கல்லையும் கட்டையையும் இது கைக்கொள்ளும். தன் நோயையும் உடன் கொண்டு செல்லும். செஞ்சியில் ஒரு குளத்தில் விட்டது செஞ்சியிலேயே நில்லாது. ஐப்பசி கார்த்திகையில் குளம் நிரம்பிக் கலிங்கு பாய்ந்தால், அவ்வெள்ளம் சங்கராபரணியிற் சேர்ந்து, வீடூர் அணை வழியாகப் புதுச்சேரிக் கடலை நோக்கிச் செல்லும். ஆமைக்கு அவ்வழி நன்கு திறந்தே இருக்கின்றது. எனவே வாங்கிவிட்டவர்க்கு உள்ள நேரிய வழி இரண்டே. ஒன்று, அதனை முறைப்படி ஏற்பாரிடம் ஒப்புவித்தல். மற்றொன்று, அது வெளியேற இயலாத குளம் ஒன்றைத் தம் கொல்லையிலேயே அமைத்து, அதன் வாழ்நாள் முழுதும் காத்தல். புதிதாக வாங்க எண்ணுவார்க்கு யாம் கூறுவது வாங்கற்க என்பதே. செஞ்சியில் எம் உறவினர் இல்லத்தில் அவ்வாறு வந்து சேர்ந்த இரண்டினை முன்னிட்டே பின்வரும் செய்திகளை யாம் கற்கலாயினோம்.

குளம் வெட்டுமுன் ஆமையின் இயல்பை அறிதல் வேண்டும். பழந்தமிழ் நூல்கள் அதனை யாமை என்னும். வள்ளுவர் அடக்கமுடைமையில் ஐம்பொறி அடக்கத்திற்கு அதனை உவமை காட்டியது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. ஐங்குறுநூற்றில், பொய்கை ஆமையின் இளம்பார்ப்புத் தாயின் முகத்தை நோக்கியே வளர்வதாக ஓரம்போகியார் கூறுவர். பாட்டின் அழகில் ஐயமில்லை. ஆயின் தாயாமை முட்டையிட்டு மண்ணை மூடிவிட்டு நீருக்குத் திரும்பிவிடும். பின்னர்த் தன் குஞ்சை அஃது அறியாது. பார்ப்பு நோக்கி வளர்வது தாய்முகத்தையன்று, ஞாயிற்றின் முகத்தையே. ஆமையின் உடல் நம் உடல் போலத் தனக்கென ஒரு வெப்பநிலை உடையதன்று. வெயிலில் ஏறிச் சூடேற்றிக்கொண்டு, மிகுந்தால் நீரில் இறங்கித் தணித்துக்கொள்ளும். செரித்தலும் ஓடுதலும் நோயை எதிர்த்தலும் இச்சூட்டைப் பற்றியே நிகழ்வன. அன்றியும் வெயிலிலுள்ள புறவூதாக் கதிர் தோலிற்பட்டே அதன் உடலில் டி வைட்டமின் உண்டாகின்றது. அவ்வைட்டமின் இன்றேல் உண்ட சுண்ணாம்புச் சத்து ஓட்டிற் சேராது. ஓடு மெழுகுபோல் மென்மையாகி வளையும். சாளரக் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடுதலின், வீட்டினுள் சாளரத்தருகே தொட்டியை வைத்து வெயில் காட்டினோம் என்பார் ஒளியைக் காட்டினரேயன்றி வேண்டியதைக் காட்டினாரல்லர். புறத்தே குளம் வேண்டும் என்பதன் முதற் காரணம் இதுவே.

இடம் தேர்தலில் காலை வெயில் நான்கைந்து மணிநேரமாவது விழுதல் வேண்டும். பிற்பகல் வெயில் மறைதல் வேண்டும். ஆதலின் மேற்கே சுவரோ மரமோ உள்ள இடம் நன்று. ஆயின் மரத்தின் நேர் கீழே வெட்டலாகாது. புளியிலையும் வேப்பம்பூவும் நீரில் விழுந்து அழுகிக் கறுப்பாக்கும். வேர் கரையைப் பிளக்கும். குடிநீர்க் கிணற்றிலிருந்து தள்ளியிருத்தலும், வீட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிதலும் வேண்டும். கண்ணிற் படாத குளம் கவனிப்பிற் படாது.

அளவு: வளர்ந்த ஆமை இரண்டிற்குப் பத்தடி நீளம், ஆறடி அகலம், ஆழமான பக்கத்தில் இரண்டரையடி ஆழம் எனக் கொள்ளலாம். எங்கும் ஒரே ஆழமாயின் 150 கன அடி, அஃதாவது ஏறத்தாழ 4,200 லிட்டர் நீர் கொள்ளும். ஒரு பக்கம் சரிவாக விடுதலின் மூவாயிரம் லிட்டரளவில் நிற்கும். ஆழம் வீண்செலவு என்று குறைப்பார் உளர். சித்திரை வைகாசியில் ஓரடி நீர் வெந்நீராகிவிடும். இரண்டரையடி நீரிலோ மேற்பரப்புச் சூடேறினும் அடிநீர் ஆமைக்குப் புகலிடமாகும். செஞ்சி மண்ணில் வேறொரு தடையும் உண்டு. மேலே செம்மண்ணும் சரளையும், ஓரிரண்டடியிற் பாறையும் எதிர்ப்படும். அப்போது வெடி வைத்துப் பாறையுடன் போராடுதல் வேண்டா. ஓரடி தோண்டி, மேலே ஒன்றரையடி கல்லால் சுவர் எழுப்பினால் பாதி நிலத்திலும் பாதி மேலுமாகக் குளம் அமையும். சிறு பிள்ளைகள் தவறி விழாமைக்கும் அஃது உதவும்.

நீர் கசியாமைக்கு முன்னோர் ஏரிக்களிமண்ணைக் கொட்டி, நீர் விட்டு, மாட்டையோ ஆளையோ விட்டு மிதித்து இறுக்கினர். கோயிற்குளங்கட்குச் சுண்ணாம்புக் காரையைக் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசினர். களிமண் முறை மலிவானது, மண்புழுவும் நீர்ச்செடியும் வாழ இடந்தருவது. ஆயின் கோடையில் நீர் குறைந்தால் வெடித்துவிடும். எளியது செங்கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டுதலே. அதிலொரு எச்சரிக்கை உண்டு. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு நீரிற் கரைந்து நீரைக் காரமாக்கும். ஆமையின் கண்ணும் தோலும் வெந்துபோம். ஆதலின் குளத்தை நிரப்பி ஒரு வாரம் நிறுத்தி வடித்துவிடுதல் வேண்டும். இங்ஙனம் மும்முறையாவது செய்தல் நன்று. நம் கல்லூரி வேதியியற் கூடத்து மாணாக்கரை அறிந்தவர், சிவப்பு லிட்மசுத் தாள் ஒன்றை இட்டு அது நீலமாகாமை கண்டு பின்னர் ஆமையை விடலாம். தார்ப்பாய் விரிப்பதாயின் கீழே இரண்டங்குல மணல் வேண்டும். மேலே உருண்டைக் கூழாங்கற்கள் பரப்புதல் வேண்டும். இன்றேல் ஆமையின் நகம் ஓராண்டில் அதனைக் கிழித்துவிடும்.

நீளத்தின் ஒரு முனையை மட்டும் மூன்றடிக்கு ஓரடி இறங்கும் சரிவாக்கி, அதனை மெழுகாமல் சொரசொரப்பாக விடுக. ஆமை ஏறவும் இறங்கவும் அதுவே படித்துறை. மற்றை மூன்று பக்கமும் செங்குத்தாய், உச்சியில் நான்கங்குலம் உள்நோக்கி நீண்ட கல்லுடன் இருத்தல் வேண்டும். இவ்வாமை ஏறுவதில் வல்லது. மெல்ல நடக்கும் என்னும் பெயரை நம்பி ஏமாறலாகாது. குளத்தையும் அதனைச் சூழ்ந்த மண்தரையையும் அடக்கி ஒன்றரையடி உயரச் சுவர் ஒன்று வேண்டும். அது நிலத்தினுள்ளும் ஓரடி இறங்குதல் வேண்டும், ஆமை தோண்டுதலின். கம்பிவேலியினும் மறைப்புச் சுவரே நன்று. அப்பால் உள்ளது கண்ணுக்குத் தெரிந்தால் ஆமை நாள்முழுதும் வேலியை முட்டி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும்; தெரியாவிடின் அமைந்திருக்கும்.

மதகும் கலிங்கும் பற்றி ஒரு சொல். அடித்தளம் முழுவதும் ஒரு மூலைக்குச் சிறிது சாய்ந்து, அம்மூலையில் அடைப்புள்ள வடிகுழாய் இருக்குமாயின், திறந்தவுடன் அடிக்கசடு முதலில் வெளியேறும், இதுவே மதகு. மழை மிகுந்தால் நீர் வழிந்தோட, விளிம்பிற்கு நான்கங்குலம் கீழே வேறொரு குழாய் வேண்டும், இது கலிங்கு. இரண்டின் வாயிலும் கெட்டியான வலை இடுதல் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஓரிரவு கலிங்கு அடைபட்டால் குளம் விளிம்பு வரை நிரம்பும். காலையில் ஆமை இராது. கூரைநீரைக் குளத்திற்குத் திருப்புவார் இடையே ஒரு மணற்குழி வைத்து, முதல் மழையின் அழுக்கை அதில் தங்கவிடுதல் வேண்டும். பழைய ஏரிகளின் வரத்துக்காலில் வண்டல் தங்கவிட்ட முறையே இது.

வெயில் காய ஓர் அகன்ற கருங்கல்லோ பனந்துண்டமோ நீர்மட்டத்திற்குச் சற்று மேலே நிற்கவேண்டும். இரண்டும் ஒருங்கே ஏற இடமிருத்தல் வேண்டும். கருங்கல் நண்பகலிற் கொதிக்கும் என்பதைச் செஞ்சியார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின் மரத்துண்டமே சிறந்தது.

இனி முட்டையிடும் மேடை. ஆண் இல்லாவிடினும் வளர்ந்த பெண்ணாமை முட்டையிடும். தோண்ட மண் கிடையாவிடின் முட்டையை அடக்கிவைத்து நோயுற்று இறப்பதும் உண்டு. ஆகவே சுவரின் உள்ளே, வெயில் படும் மேட்டில், மணலும் செம்மண்ணும் கலந்து ஓரடி ஆழத்திற்கு நிரப்பி, எப்போதும் சிறிது ஈரமாக வைத்தல் வேண்டும். இச்சிறு மேடையின் அருமையை அசாம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று நன்கு காட்டும். கருநிற மெல்லோட்டாமை ஒன்று இயற்கையில் அற்றுப்போயிற்று என 2002இல் அறிஞர் முடிவு கட்டினர். வங்கதேசத்துச் சட்டகிராமத்தில் பாயசீது பொசுதாமி தர்காக் குளத்தில் மட்டும் அது மக்கள் இடும் உணவை உண்டு வாழ்ந்திருந்தது. பின்னர் அசாமில் ஆச்சோ அயக்கிரீவ மாதவர் கோயிற்குளம் முதலியவற்றிலும் அது காணப்பட்டது. அடியார் அன்பினால் அவ்வினம் பிழைத்தது; ஆயின் குளக்கரை முழுதும் கல்லும் சிமெண்டுமாக இறுகிய இடத்து முட்டையிட மண் ஏது? அங்கே முட்டைகளைத் திரட்டிக் குவகாத்தி விலங்குக்காட்சிச் சாலையிற் பொரிக்கவைத்து, குஞ்சுகளை இயற்கை நீர்நிலையில் விடுகின்றனர். அன்பு ஊட்டிய சோற்றினும் நான்கடி மண் அவ்வாமைக்கு மிகுதியும் வேண்டியிருந்தது. நம் செங்காது ஆமையின் செய்தி இதற்கு மாறானது. அதன் முட்டையைப் பொரிக்கவிடலாகாது. இட்டவுடன் எடுத்துவிடுதல் வேண்டும். இதிலொரு வியப்பும் உண்டு. முட்டை கிடக்கும் மண்ணின் வெப்பம் 26 பாகையும் அதனிற் குறைவுமாயின் குஞ்சு ஆணாம். 31 பாகையும் அதனின் மிகுதியுமாயின் பெண்ணாம். ஆணையும் பெண்ணையும் மண்ணே வகுக்கின்றது.

குளத்தை வெட்டுதல் ஒரு வாரத்து வேலை. நீரைத் தூய்மையாக வைத்தல் முப்பதாண்டு வேலை. ஆமை உண்பதும் கழிப்பதும் நீரிலேயே. கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும், அது நஞ்சு. கல்லிலும் மணலிலும் பற்றி வாழும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும்; நைட்ரேட்டைச் செடிகள் உரமாகக் கொள்ளும். ஆகவே வடிகட்டி என்பது அழுக்கைத் தடுக்கும் வலை மட்டுமன்று. அந்நுண்ணுயிர்கள் குடியிருக்கும் ஊர் எனலாம். பெருங்குளத்தருகே சற்று உயரத்தில் மூன்றடிச் சதுரத் தொட்டி ஒன்று கட்டி, அடியிற் பெருஞ்சல்லி, மேலே சிறுசல்லி, அதன்மேல் கூழாங்கல் இட்டு, கல்வாழையும் வசம்பும் கோரையும் நடுக. சிறு மின்னிறைப்பான் ஒன்று குளத்துநீர் முழுவதையும் இரண்டு மணிக்கொருமுறை இத்தொட்டியினுள் ஏற்ற, அது கல்லிடையும் வேரிடையும் ஊறித் திரும்பவும் குளத்தில் அருவிபோல் விழும். விழும் நீரில் உயிர்வளி கலக்கும். அசையும் நீரில் கொசுவும் முட்டையிடாது. தொட்டியின் கற்களைக் குழாய்நீரால் தேய்த்துப் பளிச்சென்று கழுவுவார் உளர். அவர் ஊரையே அழித்துவிட்டு மறுநாள் நீர் நாறுவதேன் என்று வினவுவர். குளத்து நீராலேயே மெல்ல அலசுதல் போதும். புதுக்குளத்தில் இவ்வூர் நிலைபெற ஒரு திங்களுக்கு மேலும் ஆகும். அதுவரை உணவைக் குறைத்து, நீரை அடிக்கடி மாற்றுதல் வேண்டும்.

வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மதகு வழியாக வடித்துப் புதுநீர் விடுக. நகராட்சிக் குழாய்நீராயின் ஒரு நாள் திறந்த தொட்டியில் வைத்துப் பின்னர் விடுதல் நன்று. வடித்த நீர் வாழைக்கும் தென்னைக்கும் அமுதம். எம் உறவினர் கொல்லையில் ஆமைக்குளத்தால் மிகுதியும் பயனடைந்தது வாழையே. கீரைப்பாத்திக்கு மட்டும் அந்நீரை விடலாகாது. காரணம் பின்னர்க் கூறுவோம். கோடையில் நாளொன்றுக்கு ஏழு மில்லிமீட்டர் நீர் ஆவியாயின் அறுபது சதுரஅடிப் பரப்பில் நாற்பது லிட்டரளவு, அஃதாவது ஏறக்குறைய மூன்று குடம் நீர் நாடோறும் குறையும். ஊரார் குடத்துடன் வரிசையில் நிற்கும் காலத்து இம்மூன்று குடம் எளிதன்று. பரப்பிற் பாதியை ஆம்பல் இலையாலும், தென்னங்கீற்றுப் பந்தராலும் மறைத்தால் இழப்புக் குறையும். பாசி படர்தலும் அடங்கும். மின்சாரம் தடைப்படும் ஊர்களில் செடி மிகுதியாக இருத்தலே காப்பு.

உணவில் மிகுதியே பிழை. இளமையில் ஆமை புலாலை விரும்பும். வளர வளர இலையுணவிற்குத் திரும்பும். குஞ்சிற்கு நாடோறும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள், அதன் தலையளவு உணவு போதும். மண்புழு, நத்தை, முள்ளோடு கூடிய சிறுமீன் ஆகியனவும், வள்ளைக்கீரை, முருங்கையிலை, பாசி முதலியனவும் தக்கவை. பழஞ்சோறும் ரொட்டியும் இடுவது நம்மவர் வழக்கம். அவை ஆமையைக் கொழுக்கவைத்து நீரைக் கெடுப்பதன்றி வேறு பயனில. ஆமை நீரினுள்ளேயே விழுங்கும்; ஆதலின் உணவைத் தரையில் வைத்து, உண்ணவில்லையே என்று வருந்தவேண்டா.

பகையினத்துள் நாயும் கீரியும் காக்கையும் எங்கும் உள்ளவை. குஞ்சாக உள்ளவரை குளத்தின்மேல் வலை விரித்தே ஆகவேண்டும். செஞ்சியில் இவற்றினும் மேலானவர் கோட்டைக் குரங்குகள். அவை ஆமையைத் தின்னா. ஆம்பலைப் பிடுங்கிக் கரையிற் போடும், இறைப்பானின் கம்பியை இழுக்கும். கம்பியை இரும்புக் குழாயினுள் செலுத்துவதே அதற்குள்ள மருந்து.

ஆமையின் உடலிலும் நீரிலும் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருத்தல் இயல்பு. ஆமைக்கு அதனால் தீங்கில்லை, குழந்தைக்கு உண்டு. நான்கங்குலத்தினும் சிறிய ஆமைகளை விற்றலை அமெரிக்க அரசு 1975இல் தடுத்தது இது கருதியே. குளத்தில் கைவைத்தார் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே அடுக்களை புகுதல் வேண்டும். ஆமைக்குரிய பாத்திரத்தைச் சமையற் பாத்திரத்துடன் துலக்கலாகாது. கீரைப்பாத்திக்கு அந்நீர் ஆகாது என்றதும் இதனாலேயே. கண்ணிமை வீங்கினாலும், ஓட்டிற் குழி விழுந்து நாறினாலும், நீரில் ஒருபுறமாகச் சாய்ந்து மிதந்தாலும் கைமருத்துவம் பாராது கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும். வெட்டவெளிக் குளங்களில் ஆமைகளை வளர்க்கும் முறையைக் கண்ணாரக் காண விரும்புவார், சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோர் 1976இல் நிறுவிய முதலைப் பண்ணைக்குச் செல்க. முதலையைக் கண்டு அஞ்சி விரைவார் பலர். ஆமைக்குளத்தருகே அரைமணி நின்றால் இக்கட்டுரையினும் மிகுதியாகக் கற்கலாம்.

ஆண்டிற்கொருமுறை தூர்வாருதல் வேண்டும். அதற்கேற்ற காலம் ஆவணி புரட்டாசி; பருவமழைக்கு முன், கோடை தணிந்த பின். ஆமைகளை நிழலில் ஒரு பெருந்தொட்டியில் வைத்து, குளத்துநீரிற் பாதியைத் தனியே சேமித்து, அடிக்கசட்டை அள்ளி வாழையடியில் இட்டு, வெடிப்பைப் பூசிக் காயவிட்டு, சேமித்த நீரையே முதலில் ஊற்றிப் பின்னர்ப் புதுநீர் சேர்க்க. அப்போதே கலிங்கின் வலையையும் சுவரின் அடியையும் சோதித்துவிடலாம். மழை தொடங்கிய இரவுகளில் வேறொன்றும் நிகழக்கூடும். ஏரியிலிருந்து சேற்றாமை ஒன்று தானே நடந்து வந்து சுவரின் புறத்தே நிற்கும். அதன் முதுகு வழுவழுப்பாய் இருக்கும், பின்னங்கால்களை மூடும் மடல் அடியில் இருக்கும், செங்கீற்று இராது. அதனை விருந்தென்று உள்ளே விடலாகாது. ஈரச்சாக்கில் எடுத்துச் சென்று, அது வந்த திசையிலுள்ள நீர்நிலையின் கரையில் வைத்துவிட்டுத் திரும்புக. நீரைக் கண்டதும் அதுவே இறங்கிக்கொள்ளும்.